ஓடு மெய், கரு பொய்: மேனாட்டு அடுக்களையில் போலி முட்டையின் வரலாறு

உணவின் வரலாற்றை எழுதுவோர் மக்கள் எதை உண்டனர் என்பதையே பெரிதும் ஆராய்வர். எதை உண்ணாது விட்டனர், விட்டதற்கு ஈடாக எதைச் செய்துகொண்டனர் என்பதும் அதே அளவுக்கு ஆராயத்தக்கதாகும். ஒரு சமுதாயத்தின் விருப்பத்தை அதன் விருந்து காட்டும். அதன் மனச்சான்றையோ அதன் விரதமே காட்டும்.

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வாழும் நமக்குப் போலி உணவு புதியதன்று. சீன பௌத்தர் நடத்தும் சைவ உணவுக் கடைகளில், கோதுமைப் பசையாலும் சோயாவாலும் செய்த வாத்தும் கோழியும் மீனும் தட்டில் அடுக்கப்பட்டிருப்பதைக் காண்கிறோம். புரட்டாசி மாதத்தில் விரதம் இருக்கும் நம்மவரிற் சிலரும் அங்கே சென்று உண்கின்றனர். “விரதமும் இருக்க வேண்டும், கோழியும் தின்ன வேண்டுமா?” என்று வீட்டில் பெரியவர்கள் கேட்பதும் உண்டு. இக்கேள்வியை வெறும் நகைச்சுவை என்று தள்ளிவிடலாகாது. விலக்கிய பொருளின் உருவத்தை மட்டும் வைத்துக்கொள்வது விரதத்தைக் காப்பதா, ஏமாற்றுவதா? இதற்கு விடை காண, வாத்தையும் கோழியையும் விட்டுவிட்டு முட்டையை எடுத்துக்கொள்வோம். ஏனெனில், போலி முட்டைக்கு ஏறக்குறைய அறுநூறு ஆண்டு வரலாறு உண்டு. அது எழுத்திலும் இருக்கிறது. அவ்வரலாறு தொடங்கும் இடம் கிறித்துவ ஐரோப்பா.

முட்டைக்கு வந்த தடை

இயேசுநாதரின் உயிர்ப்புப் பெருநாளுக்கு முன் வரும் 40 நாள்களைக் கிறித்துவர் தவக்காலம் என்பர். அக்காலத்தில் இறைச்சி விலக்கப்பட்டது. இறைச்சியோடு, அவ்விறைச்சியைத் தரும் உயிர்களிலிருந்து வரும் பாலும் வெண்ணெயும் பாலாடைக் கட்டியும் முட்டையும் விலக்கப்பட்டன. கி.பி. 692-ஆம் ஆண்டில் கான்ஸ்தாந்திநோபிள் நகரில் கூடிய சங்கம், ஆர்மீனிய நாட்டில் தவக்காலச் சனி, ஞாயிறுகளில் முட்டையும் பாலாடைக் கட்டியும் உண்ணும் வழக்கத்தைக் கண்டித்து, எங்கும் ஒரே நெறியைக் கைக்கொள்ளுமாறு விதித்தது. 12-ஆம் நூற்றாண்டில் கிராசியன் தொகுத்த திருச்சபைச் சட்டத் தொகுதியிலும் இவ்விலக்கு இடம்பெற்றது. 13-ஆம் நூற்றாண்டுப் பேரறிஞர் தாமஸ் அக்குவினாஸ், இறைச்சி தரும் உயிர்களிடமிருந்து தோன்றுவதால் முட்டையும் பாலும் தவக்கால நோன்பில் பொதுவாக விலக்கப்படும் என்றும், பிற நோன்புகளில் அந்தந்த நாட்டு வழக்கப்படி இது மாறும் என்றும் விளக்கினார்.

இவ்விடத்தில் இயற்கையின் முரண் ஒன்றைக் கருத வேண்டும். குளிர்நாடுகளில் கோழிகள் மாரிக்காலத்தில் முட்டையிடுவதைப் பெரிதும் நிறுத்திவிடும். பகற்பொழுது நீளத் தொடங்கும் இளவேனிலில் மீண்டும் தாராளமாக இடத் தொடங்கும். தவக்காலமோ சரியாக அந்த இளவேனிலில்தான் வருகிறது. கூட்டில் முட்டை நிறையும்போது வாயில் முட்டை கூடாது என்பது விதி. சேர்ந்துபோன முட்டைகளையெல்லாம் உயிர்ப்பு நாளில் உண்டு மகிழ்வதும், வண்ணம் தீட்டிப் பரிசளிப்பதும் இவ்வாறே வளர்ந்தன. 1290-ஆம் ஆண்டில் இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்டின் அரண்மனைக் கணக்கில், 450 முட்டைகளுக்கு 18 பென்சு செலவிட்டுப் பொற்றகடு ஒட்டியும் வண்ணம் பூசியும் வழங்கிய செய்தி காணப்படுகிறது. 40 நாள் அடக்கிய ஆசையின் அளவை இச்சிறு கணக்கிலிருந்து உய்த்துணரலாம்.

ஏட்டில் உள்ள செய்முறை

அந்த 40 நாளும் ஆசையை அடக்கிப் பொறுத்திராத வீடுகளும் இருந்தன. இலண்டனில் உள்ள பிரிட்டிஷ் நூலகத்தில் ‘ஹார்லியன் 279’ என்னும் எண்ணுடைய கையெழுத்துச் சுவடி ஒன்று இருக்கிறது. சுமார் 1430-ஆம் ஆண்டில் எழுதப்பட்ட சமையல் நூல் அது. தாமஸ் ஆஸ்டின் என்பார் அதனைப் பதிப்பிக்க, 1888-ஆம் ஆண்டில் அச்சேறியது. அதில் ‘தவக்கால முட்டை’ என்னும் பொருள்படும் பெயரில் ஒரு செய்முறை உண்டு. அதன் சாரத்தை நம் சொற்களில் கூறுவோம்.

முதலில் உண்மையான முட்டைகளை எடுத்து, ஒரு முனையில் துளையிட்டு, உள்ளே உள்ள கருவை ஊதி வெளியேற்ற வேண்டும். வெற்றோட்டை வெந்நீரில் தூய்மையாகக் கழுவ வேண்டும். பிறகு நல்ல வாதுமைப் பாலை அடுப்பில் ஏற்றிக் காய்ச்சி, துணியில் ஊற்றி, நீரை வடியவிட வேண்டும். துணியில் தங்கும் கெட்டிப் பகுதியைத் திரட்டி, வேண்டிய அளவு சர்க்கரை சேர்க்க வேண்டும். அதில் பாதியை எடுத்துக் குங்குமப்பூவால் சிறிது மஞ்சள் நிறமாக்கி, பட்டைத்தூளும் சேர்க்க வேண்டும். பின்னர் ஓட்டின் அடியில் வெள்ளைப் பகுதியையும், நடுவில் மஞ்சள் பகுதியையும், மேலே மீண்டும் வெள்ளைப் பகுதியையும் இட வேண்டும். வழிந்துவிடாதபடி சற்றுக் குறைவாகவே நிரப்ப வேண்டும். இறுதியாக நெருப்பில் வைத்து வாட்டிப் பரிமாற வேண்டும்.

இச்செய்முறையில் கருதத்தக்க கூறுகள் மூன்று உள. முதலாவது, இதன் தொழில்நுட்பம். ஊறவைத்துத் தோலுரித்த பருப்பை அரைத்து, நீர் விட்டுப் பிழிந்து, காய்ச்சித் திரட்டித் துணியில் வடிப்பது நம் சந்தைகளில் விற்கும் தௌஹு செய்யும் முறைக்கு மிக அண்மையானது. பருப்பில் உள்ள புரதத்தைப் பாலாக்கி, அப்பாலைக் கட்டியாக்கலாம் என்னும் அறிவை, சோயாவைக் கண்டறியாத ஆங்கிலச் சமையற்காரரும் தம் அடுப்படியிலேயே பெற்றிருந்தனர்.

இரண்டாவது, இப்போலியில் மெய்யான உறுப்பு ஒன்று இருக்கிறது; அதுவே ஓடு. உள்ளே யாவும் பொய். வெளியே யாவும் மெய். போலி முட்டை செய்வதற்கு மெய் முட்டையை உடைத்தாக வேண்டும்! நோயாளிகளும் சிறு குழந்தைகளும் நோன்பிலிருந்து விலக்குப் பெற்றிருந்தமையால், ஊதியெடுத்த கருவுக்கு வேறு வாய்கள் கிடைத்திருக்கக் கூடும்.

மூன்றாவது, இது நாவை ஏமாற்ற முயலவே இல்லை. சர்க்கரையும் பட்டையும் சேர்ந்த இனிப்பு முட்டையை எவரும் கோழிமுட்டை என்று மயங்கி விழுங்கியிருக்க மாட்டார். ஏமாந்தது கண் மட்டுமே. தட்டில் முட்டை வைக்கப்படும்போது அவையோர் வியப்பர், உடைக்கும்போது மகிழ்வர், உண்ணும்போது இனிப்பைச் சுவைப்பர். இது விருந்து விளையாட்டு. அக்காலச் சமையலில் இத்தகைய விளையாட்டுகள் பல இருந்தன. 15-ஆம் நூற்றாண்டின் புகழ்பெற்ற இத்தாலியச் சமையற்கலைஞர் மார்ட்டினோ, தவக்காலத்துக்கென வாதுமையைக் கொண்டு போலி வெண்ணெயும் போலிப் பாலாடையும் செய்யும் வழிகளை எழுதிவைத்தார். 1420-ஆம் ஆண்டில் சவாய் நாட்டுக் கோமகனின் தலைமைச் சமையற்காரர் ஷிக்கார் தொகுத்த நூலில், இறைச்சி நாள் விருந்துக்கு இணையாக மீன் நாள் விருந்தும் வரிசைப்படுத்தப்பட்டுள்ளது.

யாருடைய விரதம்?

இம்முட்டையின் உறுப்புகளை எண்ணிப் பார்ப்போம். வாதுமை, மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து கப்பலேறி வந்த பண்டம். சர்க்கரை அக்காலத்தில் மருந்துக்கும் மன்னர் விருந்துக்கும் உரிய அரும்பொருள். குங்குமப்பூவின் விலையைச் சொல்ல வேண்டுவதில்லை. பட்டையின் சிறந்த வகை இலங்கைத் தீவில் விளைந்து, அரபு வணிகரும் வெனிஸ் வணிகரும் கைமாற்றிக் கொடுக்க, பாதி உலகத்தைச் சுற்றி இங்கிலாந்தை அடைந்தது. தமிழர் கண்முன் உரிக்கப்பட்ட பட்டை, ஆங்கிலப் பிரபுவின் பொய்க்கருவுக்கு மணம் ஊட்டியது என்று நினைக்க வியப்பாக இருக்கிறது.

ஆனால் மெய்யான முட்டையோ? குடியானவன் வீட்டு முற்றத்தில் கோழி இட்டது. ஏழைக்கு எளிதில் கிட்டிய சத்துணவு அதுவே. ஏழையின் மலிவான முட்டை 40 நாளும் விலக்கப்பட்டது. செல்வரின் விலையுயர்ந்த முட்டை விதியை மீறாமலேயே மேசைக்கு வந்தது. குடியானவன் உலர்ந்த பட்டாணிக் கஞ்சியும் உப்பிட்ட ஹெர்ரிங் மீனும் உண்டு நோன்பை நோன்பாகவே கழித்தான். சட்டத்தின் எழுத்து இருவருக்கும் ஒன்று. அதன் சுமை ஒன்றன்று. போலி முட்டையின் முதல் வரலாறு நமக்குக் கற்பிக்கும் உண்மை இதுவே: போலி எப்பொழுதும் மலிவானது என்று எண்ணுவது தவறு. அது சில வேளைகளில் மெய்யினும் பன்மடங்கு விலை பெறும்.

இவ்வேற்றுமை மக்கள் மனத்தில் புழுங்காமல் இல்லை. பணம் கட்டி விலக்குப் பெறும் வழக்கமும் அதனோடு சேர்ந்துகொண்டது. பிரான்சு நாட்டு ரூவான் பேராலயத்தில், 1485-ஆம் ஆண்டில் கட்டத் தொடங்கிய கோபுரத்துக்கு இன்றும் ‘வெண்ணெய்க் கோபுரம்’ என்று பெயர். தவக்காலத்தில் வெண்ணெய் உண்ண விலக்கு வேண்டியோர் கொடுத்த பணத்தால் எழுந்தது அது என்பது மரபு. மார்ட்டின் லூதர் 1520-ஆம் ஆண்டில் எழுதிய நூலில் இவ்வணிகத்தைக் கடுமையாகச் சாடினார். 1522-ஆம் ஆண்டுத் தவக்காலத்தில், சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் ஃப்ரோஷவர் என்னும் அச்சகத்தார் வீட்டில் தொத்திறைச்சி பரிமாறப்பட்டது. சமயச் சீர்திருத்தவாதி சுவிங்லி அதற்கு ஆதரவாக அறவுரை ஆற்றினார். சிறிய உணவுத் துண்டு ஒன்று ஒரு நகரத்தின் சமயச் சீர்திருத்தத்துக்கே தீப்பொறியாயிற்று. இங்கிலாந்திலோ மன்னர் எட்டாம் ஹென்றி 1538-ஆம் ஆண்டில் தவக்காலத்திலும் பாலும் வெண்ணெயும் பாலாடைக் கட்டியும் முட்டையும் உண்ணலாம் என்று அறிவித்தார். அந்த அறிவிப்போடு தவக்காலப் போலி முட்டையின் தேவையும் அந்நாட்டில் தளர்ந்தது. கத்தோலிக்க நாடுகளிலும் விதி படிப்படியாக நெகிழ்ந்தது; 1917-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, இறைச்சி விலக்கில் முட்டை அடங்காது என்று தெளிவாகவே கூறிவிட்டது.

விதி நெகிழாத நாடு

ஐரோப்பாவில் தளர்ந்த இவ்விதி, கீழைக் கிறித்துவரிடையே தளரவில்லை. சிறப்பாக எத்தியோப்பிய மரபுவழித் திருச்சபையினர் இன்றும் பெருநோன்பாக 55 நாள் காக்கின்றனர். புதன், வெள்ளிகளிலும் இறைச்சி, பால், முட்டை யாவற்றையும் விலக்குகின்றனர். அந்நாட்டு நோன்பு உணவுகளுள் ‘புட்டிச்சா’ என்பது ஒன்று. கொண்டைக்கடலை மாவைக் கிளறி, எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் வெங்காயமும் பச்சை மிளகாயும் சேர்த்து உதிர்த்து வைத்தால், அது முட்டைப் பொடிமாசு போலவே தோன்றும். அதே கடலை மாவால் மீன் வடிவம் செய்து குழம்பில் இடும் உணவும் அங்கே உண்டு.

ஆங்கிலப் பிரபுவின் வாதுமை முட்டையையும் எத்தியோப்பியரின் கடலை மாவையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். முன்னது அவையை வியப்பிக்கச் செய்தது. பின்னது அன்றாட வயிற்றை நிரப்பச் செய்தது. ஓடும் இல்லை, குங்குமப்பூவும் இல்லை. ஊரில் விளையும் கடலையே முட்டையின் இடத்தை நிரப்பிற்று. நோன்பு எல்லார்க்கும் பொதுவாக நீடித்த இடத்தில், போலியும் எல்லார்க்கும் எட்டும் பொருளால் அமைந்தது.

பனியும் மாவும்

மீண்டும் இங்கிலாந்துக்கு வருவோம். சமயத் தடை நீங்கிய பின்னர், முட்டையின்றிச் சமைக்க வேறு காரணங்கள் தோன்றின. மாரிக்காலத்தில் முட்டை கிடைப்பது அரிது. 1806-ஆம் ஆண்டில் வெளிவந்த திருமதி ரண்டலின் புகழ்பெற்ற சமையல் நூல், அப்பத்திலும் புட்டிங்கிலும் ஒரு முட்டைக்கு ஈடாகப் புதுப்பனியை இரண்டு பெரிய கரண்டி சேர்க்கலாம் என்கிறது. வெப்ப நாட்டவராகிய நமக்கு இது வேடிக்கையாகத் தோன்றும். ஆயினும் இதில் நுட்பம் உண்டு. புதுப்பனியின் இடுக்குகளில் காற்று நிறைந்திருக்கிறது. கலவையை அது பொங்கச் செய்கிறது. முட்டையின் உருவத்தை இங்கே எவரும் நாடவில்லை. முட்டை செய்யும் வேலையையே நாடினர். போலி முட்டையின் வரலாற்றில் இது பெருந்திருப்பம்.

அத்திருப்பத்தை நிறைவு செய்தவர் ஆல்ஃபிரட் பேர்ட். பர்மிங்காம் நகரில் 1837-ஆம் ஆண்டில் மருந்துக் கடை தொடங்கிய வேதியியலார் இவர். இவருடைய மனைவி எலிசபெத்துக்கு முட்டையும் ஈஸ்ட்டும் உடலுக்கு ஒவ்வா. ஆங்கிலேயர் விரும்பி உண்ணும் கஸ்டர்டோ பாலும் முட்டையும் கொண்டு செய்வது. மனைவியும் உண்ண வேண்டும் என்று மாவுப்பொருளைக் கொண்டு முட்டையில்லாக் கஸ்டர்டைச் செய்தார் பேர்ட். ஒருநாள் விருந்தினருக்கும் அது பரிமாறப்பட, அவர்கள் புகழ்ந்து உண்டதால் அது விற்பனைக்கு வந்தது என்பர். நம் வீட்டு அலமாரிகளிலும் நெடுங்காலமாக இடம்பெற்றுள்ள கஸ்டர்டு மாவு டப்பாவின் கதை இதுவே. முட்டைக் கஸ்டர்டு 80 பாகை செல்சியஸை ஒட்டிக் கெட்டிப்படும். சூடு சற்று மீறினால் திரிந்துபோகும். மாவுக் கஸ்டர்டோ கொதித்தாலும் திரியாது. போலியானது மெய்யினும் எளிதாயிற்று, மலிவுமாயிற்று. அதைவிட மேலாக, அதன் பிறப்பிடம் பிரபுவின் விருந்து மண்டபம் அன்று. நோயுற்ற ஒருத்திக்காக அக்கறை கொண்ட ஒரு வீடு.

ஒரு மாணவனின் நோன்பு

முட்டையில்லாப் பண்டம் எத்துணைத் தேவையானது என்பதை அறிய, 1888-ஆம் ஆண்டில் இலண்டன் சென்ற இந்திய மாணவர் ஒருவரின் வாழ்க்கையைப் பார்க்கலாம். அவர் மோகன்தாஸ் காந்தி. இறைச்சி உண்ணேன் என்று தாயிடம் சூளுரைத்துச் சென்றவர் அவர். இங்கிலாந்தில் 1847-ஆம் ஆண்டிலேயே தாவர உணவினர் சங்கம் தோன்றியிருந்தது. ஆனால் அந்நாட்டுத் தாவர உணவினர் பலர்க்கு முட்டை விலக்கன்று. நம்மவர் சைவம் என்று கூறுவதும் அவர்கள் கூறியதும் ஒன்றல்ல. இறைச்சி என்பதற்கு அங்கே வெவ்வேறு இலக்கணங்கள் கூறப்பட்டன. அவற்றுட் சிலவற்றின்படி முட்டை உண்ணலாம். அவ்விலக்கணத்தை ஏற்றுச் சிறிது காலம் முட்டை உண்ட காந்தியடிகள், பிறகு சிந்தித்துப் பார்த்தார். சூளை வாங்கியவர் தாய். எனவே தாய் எதை இறைச்சி என்று கருதினாரோ அதுவே தம்மைக் கட்டுப்படுத்தும் என்று தெளிந்து, முட்டையை விட்டார். அதன்பின், முட்டை கலந்த புட்டிங்குகளும் பணியாரங்களும் பல இருந்தமையால், பரிமாறுவோரிடம் ஒவ்வொன்றையும் கேட்டுக் கேட்டு உண்ண வேண்டியதாயிற்று என்று தம் தன்வரலாற்றில் குறிக்கிறார்.

நாம் தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு இங்கே ஒரு திறவுகோல் கிடைக்கிறது. விரதத்தின் பொருளை முடிவு செய்வது அகராதி அன்று. அவ்விரதத்தை யாருக்காக மேற்கொண்டோம் என்னும் நினைவே. காந்தியடிகள் விலக்கியது முட்டை என்னும் பொருளை. முட்டையில்லாத புட்டிங்கை விலக்க அவர்க்குக் காரணம் இல்லை. முட்டை கலவாத பண்டம் அவருடைய சூளை மீறச் செய்வதில்லை. காக்கவே துணை செய்யும்.

போரும் புதிய கொள்கையும்

20-ஆம் நூற்றாண்டில் இரண்டு பெரும் போர்கள் இக்கலையை ஒவ்வொரு வீட்டுக்கும் கொண்டுசென்றன. முதல் உலகப்போரின்போது அமெரிக்க இல்லங்களில் முட்டையும் பாலும் வெண்ணெயும் இல்லாத ‘போர்க்காலக் கேக்’ செய்யப்பட்டது. இரண்டாம் போரில், 1941-ஆம் ஆண்டு முதல் பிரிட்டனில் முட்டை பங்கீட்டுக்கு உட்பட்டது. ஒருவருக்கு வாரத்துக்கு ஏறக்குறைய ஒரு முட்டை. 1953-ஆம் ஆண்டு வரை இக்கட்டுப்பாடு நீடித்தது. புளிக்காடியும் சோடா உப்பும் சேர்ந்து எழுப்பும் கரியமில வாயு, கேக்கைப் பொங்கச் செய்யும் முட்டையின் வேலையை ஏற்றது. அதே ஆண்டுகளில் சப்பானியர் ஆட்சியில் மரவள்ளிக்கிழங்கைச் சோறாக உண்ட மலாயா மக்களின் வழித்தோன்றல்களுக்கு, பஞ்சத்தில் பிறக்கும் ஈட்டு உணவின் அருமையை விளக்க வேண்டுவதில்லை.

அப்போரின் நடுவே, 1944-ஆம் ஆண்டு நவம்பரில், இங்கிலாந்தில் ‘வீகன்’ சங்கம் தோன்றியது. பாலும் முட்டையும் உட்பட உயிரினங்களிடமிருந்து வரும் எதையும் உண்ணலாகாது என்பது அதன் கொள்கை. சமய விதியால் ஒரு காலத்தில் விலக்கப்பட்ட முட்டை, இப்போது உயிரிரக்கத்தால் விலக்கப்பட்டது. விலக்கு 40 நாளுக்கு அன்று, வாழ்நாள் முழுமைக்கும். ஆகவே, கண்ணை மகிழ்விக்கும் விளையாட்டு முட்டை போதாது. நாள்தோறும் சமையலில் பயன்படும் முட்டை வேண்டியிருந்தது.

முட்டையின் தொழில்கள்

இங்கே முட்டையின் இயல்பை அறிதல் வேண்டும். அடித்தால் நுரைக்கும்; அந்நுரை காற்றைச் சிறைப்பிடிக்கும். சுட்டால் இறுகும்; வெண்கரு 60 பாகை செல்சியஸைக் கடந்ததும் இறுகத் தொடங்கும். எண்ணெயையும் நீரையும் ஒன்றாக இணைக்கும். உதிரும் மாவைப் பற்றிப் பிடிக்கும். வேகும்போது கந்தகம் கலந்த வாயுவை வெளியிட்டுத் தனக்கே உரிய மணம் தரும். இத்தனையும் ஒரே தாவரப் பொருளால் செய்ய முடிவதில்லை. எனவேதான் இக்காலத்துப் போலி முட்டை ஒவ்வொரு தொழிலுக்கும் ஒவ்வொரு பொருளை நாடுகிறது.

நுரைக்கு வந்தது கொண்டைக்கடலை. 2014-ஆம் ஆண்டின் இறுதியில் ஜோயல் ரோசல் என்னும் பிரெஞ்சு இசைவாணர், பயறுகளை வேகவைத்த நீர் வெண்கருவைப் போல் நுரைப்பதைக் கண்டு வெளியிட்டார். 2015-ஆம் ஆண்டில் கூஸ் வோல்ட் என்னும் அமெரிக்க மென்பொருள் பொறியாளர், கடலை வெந்த நீரும் சர்க்கரையும் மட்டுமே கொண்டு, வெண்கருவால் செய்யும் மெரிங் என்னும் இனிப்பைச் செய்துகாட்டி, அந்நீருக்கு இலத்தீன் மொழியில் ‘அக்குவாஃபாபா’ என்று பெயரிட்டார். ‘அவரை நீர்’ என்பது பொருள். மூன்று மேசைக்கரண்டி நீர் ஒரு முழு முட்டைக்கு ஈடு என்பது பொதுக் கணக்கு. சுண்டலுக்குக் கடலை வேகவைத்து அந்நீரைக் கீழே கொட்டிய கைகள் எத்தனை! ஆயினும் இவ்வுண்மை நம் பெண்டிர்க்கு முற்றிலும் புதியதன்று. உளுந்தை ஆட்ட ஆட்டக் காற்றேறிப் பொங்குவதும், நன்றாக ஆட்டிய மாவு நீரில் மிதப்பதும் அவர்கள் தலைமுறை தலைமுறையாக அறிந்தவை.

இறுகுவதற்கு வந்தது பாசிப்பயறு. அதன் புரதம் சூட்டில் முட்டையைப் போல் திரண்டு கெட்டிப்படும். அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ நகர நிறுவனம் ஒன்று 2018-ஆம் ஆண்டில் ‘ஜஸ்ட் எக்’ என்னும் பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்த திரவ முட்டைக்கு இப்புரதமே அடிப்படை. மும்பை உணவகங்களில் கடலை மாவைக் கரைத்து வார்த்து ‘தக்காளி ஆம்லெட்’ என்று நெடுங்காலமாக விற்கின்றனர்.

மணத்துக்கு வந்தது வட இந்தியாவின் கருப்பு உப்பு. உப்பைக் கடுக்காய் முதலியவற்றோடு சூளையில் இட்டுச் சுடும்போது கந்தகச் சேர்மங்கள் உண்டாகின்றன. அவித்த முட்டையின் மணமும் அச்சேர்மங்களிலிருந்தே எழுகிறது. அடுப்பில் நெடுநேரம் இருந்தால் இம்மணம் பறந்துவிடும். இறக்கிய பின்னரே தூவ வேண்டும்.

இன்றைய அடுக்களையில்

இனி, 1430-ஆம் ஆண்டுச் செய்முறையை இன்றைய பொருள்களால் வீட்டிலேயே செய்துபார்க்க விரும்புவோர்க்கு வழி எளிது. வெண்கருவுக்குச் சர்க்கரையில்லாச் சோயாப் பாலில் சிறிது உப்பும், ஒரு கோப்பைக்கு ஒரு தேக்கரண்டி அகர்-அகர் தூளும் சேர்த்து நன்றாகக் கொதிக்கவிட வேண்டும். கொதிக்காவிட்டால் அகர் கரையாது. மஞ்சட்கருவுக்கு வேகவைத்த பாசிப்பருப்பைக் கெட்டியாக மசித்து, மஞ்சள்தூள், எண்ணெய், கருப்பு உப்பு சேர்த்துச் சிறு உருண்டைகளாக்க வேண்டும். முட்டை வடிவ அச்சில் வெள்ளைக் கலவையைச் சிறிது ஊற்றி, அது பாதி இறுகியதும் உருண்டையை நடுவில் வைத்து, மேலே மீண்டும் வெள்ளைக் கலவையை ஊற்ற வேண்டும். ஆறினால் இறுகிவிடும். அறுத்துப் பார்த்தால் அவித்த முட்டையின் தோற்றம் இருக்கும். அடியில் வெள்ளை, நடுவில் மஞ்சள், மேலே வெள்ளை என்னும் அதே பழைய வரிசைதான். ஆனால் வாதுமைக்கு மாற்றாகச் சோயா. குங்குமப்பூவுக்கு மாற்றாக மஞ்சள். நெருப்பில் வாட்டுவதற்கு மாற்றாக, மலாய் மொழியே உலகுக்குப் பெயர் கொடுத்த அகர் என்னும் கடற்பாசி. மெய் முட்டையின் ஓடு இங்கே தேவையே இல்லை. எல்லாப் பொருளும் நம் ஊர்ச் சந்தையில் குறைந்த விலைக்குக் கிடைப்பவை.

இவ்வரலாற்றைத் தொகுத்து நோக்கின் ஓர் உண்மை விளங்கும். போலி முட்டை தன்னளவில் நன்றும் அன்று; தீதும் அன்று. ஏழை பட்டாணிக் கஞ்சி குடிக்கும் நாளில் பிரபுவின் மேசையில் அது ஆடம்பரமாக இருந்தது. எத்தியோப்பியக் குடும்பத்தில் அன்றாட உணவாயிற்று. எலிசபெத்துக்கு அன்பின் அடையாளமாயிற்று. போர்க்காலத் தாய்க்குக் கைகொடுத்தது. உயிரிரக்கம் கொண்டோர்க்குக் கொள்கையைக் காக்கும் துணையாயிற்று. ஒரே பொருள் யார் கையில், எதற்காக இருந்தது என்பதைப் பொறுத்தே அதன் தகுதி மாறிற்று.

ஆகவே, விரத நாளில் சைவக் கோழி உண்ணும் இளைஞனைப் பார்த்துப் பெரியவர் கேட்கும் கேள்விக்கும் இவ்வாறே விடை கூறலாம். உருவத்தை வைத்துக்கொண்டதால் மட்டும் விரதம் கெடுவதில்லை. உருவம் இல்லாததால் மட்டும் விரதம் சிறப்பதும் இல்லை. விலக்கியதால் மிச்சமான உயிர் எது, பசி தீர்ந்த வயிறு யாருடையது என்று கேட்பதே தகும். அறுநூறு ஆண்டுகளுக்கு முன் செல்வர்க்கு மட்டும் கிடைத்த ஒரு விளையாட்டு, இன்று கைப்பிடிப் பாசிப்பருப்பில் எவர்க்கும் கிடைக்கும் உணவாகியிருக்கிறது. ஒரு போலிப் பொருளின் வரலாறு இதனினும் நல்ல முடிவை அடைந்ததில்லை எனலாம்.